பேர் கேட்காமல் விட்டோம்

மூணாறு மலைக்குக் கொரோனா நடந்து வரவில்லை. 2020 மார்ச்சில் இங்கே ஒரு விடுதியில் தங்கியிருந்த பிரிட்டிஷ் சுற்றுலாப் பயணிக்குத் தொற்று என்று தெரிந்ததுதான் எங்கள் முதல் பீதி. தனித்திருக்கச் சொன்ன பிறகும் அவர் தன் குழுவோடு கிளம்பி நெடும்பாசேரி போய்விட்டார். மார்ச் 15 அன்று துபாய் விமானத்தில் ஏறியிருந்தவரைக் கீழே இறக்கினார்கள். கூட ஏறியவர்களும் இறங்க வேண்டியதாயிற்று. டீக்கடைகளில் கொஞ்ச நாள் இதே பேச்சு. பேச்சு ஓய்ந்ததும் எங்கள் பயம் யார் பக்கம் திரும்பியது என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. காரில் வந்து இறங்குகிறவர்கள் பக்கம் அது திரும்பவே இல்லை. ஏலத் தோட்டத்து மூலையில் பையோடு நிற்கிற ஜார்க்கண்ட் பையன் பக்கம் திரும்பியது. போடிமெட்டு ஏறி வருகிற தேனிப் பெண்கள் பக்கம் திரும்பியது.

நான்கு மணி நேர அவகாசத்தில் நாட்டைப் பூட்டியதைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. தில்லியும் மாநிலங்களும் செய்தது, செய்யாதது எல்லாம் பதிவாகியிருக்கிறது. நாங்கள் செய்தது எங்கேயும் பதிவாகவில்லை. நாங்கள் என்றால் சித்திரபுரத்திலும் பள்ளிவாசலிலும் ஆனச்சாலிலும் சொந்தமாக நாலு சுவர் எழுப்பிக்கொண்ட தமிழர்கள். அதில் நானும் ஒருவன்.

சித்திரபுரம் வந்தேறிகளால் ஆன ஊர். திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாளின் பெயரைத் தாங்கி நிற்பது. கேரளத்தின் முதல் நீர்மின் திட்டமான பள்ளிவாசல் 1940-ல் ஓடத் தொடங்கியது. அதற்காகக் குழாய் பதிக்கவும் பாறை உடைக்கவும் வந்தவர்கள், மின்வாரியக் குடியிருப்புக்கு வந்தவர்கள், சுற்றிலும் தேயிலைக்கு வந்தவர்கள் என்று இப்படித்தான் ஊர் நிறைந்தது. தேயிலைக்கு வந்தவர்களைக் கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்தார். திருநெல்வேலிச் சீமையிலும் மதுரைப் பக்கத்திலும் மழை பொய்த்த வருடங்களில் எங்கள் பாட்டன்மார் கொட்டகுடி வழியாக டாப் ஸ்டேஷனுக்கு நடந்து ஏறினார்கள். பசி துரத்தி வந்த பயணத்தை விரும்பிச் செய்த பயணம் என்று எப்படிச் சொல்வது?

காகிதம் கேட்டால் என்ன நடக்கும் என்பதும் எங்களுக்கு நன்றாகத் தெரியும். 1950-க்கு முன்பே இங்கே குடியிருந்ததற்குச் சான்று காட்ட முடியாத தலித் குடும்பங்கள் கேரளத்தில் சாதிச் சான்றிதழ் வாங்கப் படும் பாடு இன்னும் தீரவில்லை. மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்தவரின் பேத்திக்கும் அதே கேள்விதான். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றியபோது, தோட்டங்களில் இருந்த தமிழர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியாகத் தேனிப் பக்கம் இறங்கினார்கள். அதற்கும் இந்த நோய்க்கும் நடுவே ஒன்பது வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் நாங்கள் வீட்டுக்காரர்களாகி, வந்தவனை வாசலில் நிறுத்தி விசாரிக்கக் கற்றுக்கொண்டுவிட்டோம்.

தேனிப் பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். போடி, கம்பம், உத்தமபாளையம் பக்கத்துக் கிராமங்களில் இருந்து விடிவதற்குள் ஜீப்பில் அடைந்துகொண்டு கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறி வருவார்கள். நாள் முழுக்க ஏலச் செடிக்குள் குனிந்து காய் எடுப்பார்கள். அந்தியில் அதே ஜீப்பில் இறங்கிவிடுவார்கள். அவர்களிடம் எங்களுக்கு மிகவும் பிடித்த குணமே இந்தத் திரும்பிப் போவதுதான். வீடு தர வேண்டாம், குழந்தைக்குத் தொட்டில் கட்ட இடம் தர வேண்டாம், காய்ச்சல் வந்தால் மருந்து வாங்கித் தர வேண்டாம். ஜீப்பில் எத்தனை பேரை ஏற்றுகிறார்கள் என்றும் கேட்க வேண்டாம். வளைவில் ஏதாவது ஒன்று கவிழ்ந்தால் மட்டும் கேட்போம், அதுவும் ஒரு நாளைக்கு. வேலை எங்கள் பக்கம், வாழ்க்கை அவர்கள் பக்கம் என்று ஒரு கோடு போட்டிருந்தோம். நோய் வந்தபோது அரசாங்கம் மறித்தது ஏற்கெனவே நாங்கள் போட்டுவைத்திருந்த அந்தக் கோட்டில்தான்.

எல்லை அடைபட்ட அந்த நாட்களில் பஸ் இல்லை, ஜீப் இல்லை. இடுக்கி ஏலத் தோட்டத்தில் வேலை செய்த ஒரு கூட்டம் போடி பக்கத்து இராசிங்காபுரத்துக்குக் காட்டு வழியே நடந்து இறங்கியது. நடுவழியில் காட்டுத் தீ பிடித்துக்கொண்டது. கைக்குழந்தை உட்பட சிலர் அதில் மாண்டார்கள். இதை வாசிக்கும் பத்துப் பேரில் எத்தனை பேருக்கு இது நினைவிருக்கும்? அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2018 மார்ச் 11 அன்று, அதே போடி மலையில் குரங்கணித் தீ. மலையேற்றம் வந்தவர்கள் 23 பேர் இறந்தார்கள். குரங்கணி என்றால் இன்றும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்காக அழுததில் தப்பே இல்லை. நான் சொல்வது இராசிங்காபுரத்துக் கூலிக்காரர்களின் தீயைப் பற்றி. அந்த வாரம் நாங்கள் அரிசி, பருப்பு, முகக்கவசம், சானிடைசர் என்று அலைந்துகொண்டிருந்தோம். பொழுதுபோக்குக்காக மலையேறியவர்களின் பெயர்கள் மனதில் நின்றன. கூலிக்காக மலை இறங்கியவர்களின் பெயர்கள் நிற்கவில்லை.

வடக்கில் இருந்து வந்தவர்கள் விஷயம் இன்னும் மோசம். எங்கள் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிய பிறகு மூணாறு எஸ்டேட்களுக்கு ஜார்க்கண்டிலும் அசாமிலும் இருந்து ஆள் வந்தார்கள். ஏலத் தோட்டங்களுக்கு மத்தியப் பிரதேசத்தில் இருந்தும் வந்தார்கள். ரிசார்ட் கட்டுமானத்துக்கு வங்காளிகள் வந்தார்கள். எங்கள் அம்மாக்கள் இருந்த அதே எஸ்டேட் வரிசை வீடுகளில், அதே லயத்தில்தான் அவர்கள் குடியேறினார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் அதே மஸ்டரில் நின்றார்கள், அதே அட்டைக்கடி பட்டார்கள். நாங்கள் எல்லோரையும் ‘பெங்காலி’ என்றே கூப்பிட்டோம். சந்தாலி பேசுகிறவனும் பெங்காலி, போடோ பேசுகிறவனும் பெங்காலி. கடைக்காரர்கள் பற்றுக் கணக்கில் பேருக்குப் பதில் ‘மேல் லயம், சிவப்புச் சட்டை’ என்று எழுதினால் சிரித்தோம். நம் ஆட்களைத் துரைமார் ஒரு காலத்தில் நம்பர் சொல்லிக் கூப்பிட்டதைக் கதை கதையாகச் சொல்வோம். அந்தக் கதை சொல்கிற வாய்தான் இதையும் சொன்னது.

பேர் தெரியாமல் இருப்பதில் வசதி உண்டு. பேர் தெரிந்தால் ஊர் கேட்க வேண்டும், பெண்டாட்டி பிள்ளை கேட்க வேண்டும், வாடகைக்கு ரசீது கொடுக்க வேண்டும். ஒரே அறையில் ஏழெட்டுப் பேரை வைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கிய வீட்டுக்காரர்கள் எங்களில் உண்டு. தொழிலாளர் துறையில் இருந்து கணக்கெடுக்க வந்தால் ‘இங்கே அப்படி யாரும் இல்லீங்களே’ என்று சொன்னவர்களும் உண்டு. பொய் சொன்னோம் என்று அப்போது தோன்றவில்லை; தொந்தரவு வேண்டாம் என்றுதான் தோன்றியது.

1979-லேயே மாநிலங்களுக்கு இடையே புலம்பெயரும் தொழிலாளர்களுக்கு ஒரு சட்டம் வந்துவிட்டது. ஒப்பந்தக்காரர் உரிமம் எடுக்க வேண்டும், தொழிலாளிக்குப் பதிவுப் புத்தகம் தர வேண்டும், ஊரை விட்டு வந்ததற்கு ஒரு படி தர வேண்டும், வந்து போகும் பயணச் செலவைத் தர வேண்டும் என்று அதில் இருந்தது. போகவும் வரவும். 2020 ஏப்ரலில், ஊருக்குப் போக டிக்கெட்டுக்குக் காசில்லாமல் அவர்கள் நின்றபோது, அந்தக் காசு சட்டப்படி அவர்களுக்குச் சேர வேண்டியது என்று எங்களில் ஒருவருக்காவது தெரிந்திருந்ததா? தொழிற்சங்கத்தில் ஊறிய மலை இது. 2015 செப்டம்பரில் ‘பொம்பிளை ஒருமை’ என்று திரண்ட தோட்டப் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டு மூணாறு வீதியில் உட்கார்ந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. உரிமைக்கு எங்கே உட்கார வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பக்கத்து லயத்துக்காரனுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளத் தோன்றவில்லை. அந்தச் சட்டத்தை 2020-லேயே வேறொரு தொகுப்புச் சட்டத்துக்குள் கரைத்துவிட்டார்கள். இருந்தபோது தெரியாதது, போனபோதும் தெரியவில்லை.

சோறு போட்டோம், அது உண்மை. கேரளம் முழுக்கச் சமுதாயச் சமையலறைகள் நடந்தன; எங்கள் பக்கத்துப் பையன்களும் பொட்டலம் கட்டினார்கள். ஆனால் சோறு போட்டதும் கணக்குத் தீர்ந்துவிட்டதாக நினைத்தோம். மார்ச் 29 அன்று கோட்டயம் மாவட்டம் பாயிப்பாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் திரண்டு வந்து ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் வந்த பதில் ஒன்றுதான்: இவ்வளவு கொடுத்தும் திருப்தி இல்லையா? அவர்கள் கேட்டது வழி. நாங்கள் சாப்பாட்டைக் காட்டினோம். மே 1 அன்று ஆலுவாவில் இருந்து புவனேஸ்வருக்கு முதல் ரயில் கிளம்பியது. இடுக்கியில் ரயிலே கிடையாது. மலையில் இருந்து ஸ்டேஷன் வரை இறங்கவே வண்டி வேண்டும், அதற்குப் பாஸ் வேண்டும், பாஸுக்கு விண்ணப்பம் போட ஸ்மார்ட்போனும் பாஷையும் வேண்டும். எங்கள் பிள்ளைகள் கையில் போன் இருந்தது, பாஷையும் தெரியும். ஒரு விண்ணப்பம் நிரப்ப அரை மணி நேரம் ஆகியிருக்குமா?

பயம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்த மே மாதத்தில் இரண்டு வகைப் பயணிகள் கேரளத்துக்கு வந்தார்கள். மே 7 அன்று அபுதாபியில் இருந்து கொச்சிக்கு முதல் விமானம் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்து நெகிழ்ந்தோம். இரண்டு மூன்று நாளில் வாளையாரில், பாஸ் இல்லாமல் வந்து சேர்ந்த மலையாளிகள் சோதனைச் சாவடி வெயிலில் நின்றதையும் பார்த்தோம். பாலக்காட்டு எல்லையில் நிற்பவர் நம் ஆள் என்றால் மனசு பதறியது. நீதிமன்றம் தலையிட்டபோது நிம்மதியாக இருந்தது. போடிமெட்டில் நிற்பவர் கூலிக்காரர் என்றால் ‘கட்டுப்பாடு வேண்டும்தானே’ என்றோம். மலைக்குக் கீழே இருந்த நம் உறவுக்காரர்கள் கிராமத்து முகப்பில் வேலிமுள்ளை வெட்டிப் போட்டுக் காவல் இருந்தார்கள். அதைப் படம் எடுத்து எங்களுக்கு அனுப்பினார்கள். நாங்கள் கைதட்டுகிற படம் போட்டுப் பதில் அனுப்பினோம்.

எங்கள் ஊர் வழியாகப் போகிற சாலையை இன்னும் கொச்சி–தனுஷ்கோடி சாலை என்றுதான் சொல்வோம். அதே தடத்தில் போடி, தேனி, மதுரை என்று இறங்கிக் கிழக்கே போனால் மண்டபம் வரும். அங்கே ஒரு முகாம் இருக்கிறது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களைக் கப்பல் ஏற்றும் முன்பு அங்கேதான் தடுத்துவைத்தார்கள். பிளேக்குக்கும் காலராவுக்கும் பயந்த காலம். அம்மை குத்தி, துணியை அவித்து, நாள் எண்ணி அனுப்புவார்கள். சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்துப் போகிற பெரிய மனிதருக்கு ஒரு வழி, கூலிக்கு முகாம். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் அதே மண்டபத்தில் இறங்கினார்கள். 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவர்களும் அங்கேயே இறங்கினார்கள். ஒப்பந்தத்தின்படி திரும்பி வந்தவர்களில் சில குடும்பங்கள் எங்கள் மலைத்தொடரின் தெற்கே கவியில் ஏலத் தோட்ட வேலையில் குடியேறின. நோயைக் கூலியின் உடம்பில் மட்டும் தேடுகிற பழக்கம் வெள்ளைக்காரனோடு போய்விட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அது நமக்குள்ளேயே பத்திரமாக இருந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இலங்கைத் தமிழர்கள் இருக்கிறார்கள். பெயிண்ட் அடிப்பது, சுமை தூக்குவது என்று அன்றாடக் கூலி. ஊரடங்கில் அந்தக் கூலி நின்றபோது அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று, ஈழத்துக்காக எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிற நாம், பக்கத்து முகாமில் போய்க் கேட்டோமா? உலகத் தமிழர் என்று சொல்லும்போது நம் வாய் பெரிதாகத் திறக்கிறது. பக்கத்துத் தெரு மட்டும் அதில் சேர்வதில்லை.

பிறகு ஆகஸ்ட் வந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடி. ராஜமலைப் பக்கத்தில் நான்கு வரிசை லயத்தின் மேல் மலை சரிந்து விழுந்தது. 70 பேர். பெரியவாரைப் பாலம் உடைந்து கிடந்தது, மின்சாரம் இல்லாமல் போன் செத்துக் கிடந்தது, விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. இறந்தவர்களில் பலருக்கு வேர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறில். பிணத்தைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களுக்கும் எல்லையில் பாஸ் வேண்டிய காலம் அது. அப்போது நாங்கள் கொதித்தோம். சாவுக்கு வருகிறவனிடம் காகிதம் கேட்பார்களா என்று கேட்டோம். நான்கு மாதத்துக்கு முன்பு இதே கேள்வியை ஜார்க்கண்ட்காரனுக்காகக் கேட்டிருந்தால் அன்று எங்கள் குரலில் இன்னும் கொஞ்சம் பலம் இருந்திருக்கும்.

பெட்டிமுடி லயங்கள் எப்படிப்பட்டவை என்று எங்களுக்குத் தெரியாதா? அங்கே பிறந்துதான் வந்தோம். ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதால் ஒரு பிள்ளையையாவது எஸ்டேட் வேலையில் பிடித்துவைக்கும் வீடுகள் எத்தனை என்று தெரியும். சீட்டுப் போட்டு, கிராஜுவிட்டிப் பணத்தை வைத்து, சித்திரபுரம் பக்கம் மூன்று சென்ட் வாங்கி வெளியே வந்ததும் லயத்தை மறந்தோம். சிலர் ஹோம்ஸ்டே கட்டினோம். பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்து ‘தேயிலைக் காட்சி’ என்று விளம்பரம் போட்டோம். அந்தக் காட்சியில் லயத்துத் தகரக் கூரையும் தெரியும். வருகிற விருந்தினர் அழகாக இருக்கிறது என்பார், நாமும் தலையாட்டுவோம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் கதையும் உண்டு. 2020 ஜூன் 1 அன்று கேரள அரசின் கல்விச் சானலான விக்டர்ஸில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்பு தொடங்கியது. தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு யூடியூபில் வந்தது. ரேஞ்ச் கிடைக்கும் இடம் தேடிப் பிள்ளைகள் ரோட்டோரத்தில் உட்கார்ந்து படித்ததைப் பார்த்து வருத்தப்பட்டோம், மனுக் கொடுத்தோம். நியாயமான மனுதான். அதே லயத்தில் இந்தியும் சாத்ரியும் பேசுகிற பிள்ளைகள் எந்த மொழியில், எந்தப் போனில் படித்தார்கள் என்ற வரி அந்த மனுக்களில் நான் பார்த்த எதிலும் இல்லை.

2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில், ஊரடங்கில் இறந்த புலம்பெயர் தொழிலாளர் கணக்கு இல்லை என்று பதில் சொன்னார்கள். நாம் பொங்கினோம். நியாயம். ஆனால் எங்கள் வார்டில் அந்த மார்ச்சில் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் போனார்கள், போனவர்களில் எத்தனை பேர் வீடு சேர்ந்தார்கள்? எங்களிடமும் கணக்கு இல்லை. தீபாவளிக்குள் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் புது ஆட்களா, பழைய ஆட்களே திரும்பி வந்தார்களா என்றுகூடப் பார்க்கவில்லை.

இப்போது செய்யக்கூடியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. 2023 ஆகஸ்டில் கேரளம் ‘அதிதி’ இணையதளத்தில் வடமாநிலத் தொழிலாளர்களைப் பதியத் தொடங்கியது. அந்தப் பதிவு போலீஸ் பயத்தில் பிறந்த பதிவாகப் போகாமல், மருத்துவத்துக்கும் சம்பளத்துக்கும் பயன்படுகிற பதிவாக இருக்க வேண்டும் என்றால், முதலில் வீட்டுக்காரர்கள் நாங்கள் உண்மையைச் சொல்ல வேண்டும். வாடகைக்கு ரசீது தர வேண்டும், ஒரு நோட்டில் பேர், ஊர், வீட்டு போன் நம்பர் எழுதிவைக்க வேண்டும், அவர்கள் கையிலும் ஒரு பிரதி இருக்க வேண்டும். சித்திரபுரம் சமூக சுகாதார நிலையத்துக்கு அவர்களோடு போய் முதல் சீட்டு எடுத்துக் கொடுக்கலாம். அங்கே தமிழ் பேச ஆள் இருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் நாம் ஏங்கியதுதான். தேனிப் பெண்களுக்கு, இறங்கிப் போக முடியாத நாளில் தங்க ஒரு கொட்டகை வேண்டும் என்று தோட்டக்காரர்களிடம் கேட்கலாம். மழை, கடையடைப்பு, அடுத்த நோய், எது வந்தாலும் அது உதவும்.

ஏல எடுப்பு ஆவணியில் சூடுபிடிக்கும். அதற்கு ஆள் வந்து இறங்கும் முன்பு எங்கள் தெருவில் ரசீதையாவது தொடங்கிவிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். சிலர் சரி என்றிருக்கிறார்கள். ஒருவர், ரசீது கொடுத்தால் வீட்டு வரி கூடுமா என்று கேட்டார். நியாயமான கேள்வி, பஞ்சாயத்து ஆபீஸில் விசாரிக்க வேண்டும்.